1918: எட்டு மடங்கு சாவு

"வைரஸுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது" - கொரோனா சமயத்தில் எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வந்த வாசகம். நானும் நம்பினேன். பிறகு 1918 ஃப்ளூ பற்றித் தேடும்போது நியூசிலாந்து கண்ணில் பட்டது.

அங்கே சில வாரங்களில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 2,500 பேர் மாவோரிகள். அவர்களுடைய மொத்த மக்கள்தொகையே 50,000 சொச்சம்தான். இறப்பு விகிதம் வெள்ளையர்களைவிட சுமார் எட்டு மடங்கு!

ஏன்? வைகாடோ பகுதியைப் பாருங்க. 1860களில் நடந்த போருக்குப் பின் அரசு அங்கே சுமார் 12 லட்சம் ஏக்கரைப் பறிமுதல் செய்தது. நிலத்தோடு வருமானமும் போச்சு. மிஞ்சியது ஈரம் ஊறிய நெரிசலான குடிசைகள். ஒருத்தருக்கு ஜுரம் வந்தால் தனியாகப் படுக்க இடம் ஏது?

தெ புவேயா என்ற வைகாடோ தலைவி, பெற்றோரை இழந்த சுமார் 100 குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1921-ல் சதுப்பு நிலத்தை விட்டு, மக்களோடு ஙாருவாவாஹியா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அந்த மனை, பறிமுதலான நிலத்தில் ஒரு துண்டு. அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.