நடவாத பேரணியும் பிறந்த ஆணையும்

1941ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இட்லரை எதிர்த்துப் போரிட்ட நாடுகளுக்கென இரவு பகலாகப் படைக்கலங்களைச் செய்துகொண்டிருந்தன. ஆயினும் அவற்றுள் பலவற்றின் வாயில்கள் கறுப்பின மக்களுக்கு அடைபட்டிருந்தன. உள்ளே இடம்பெற்ற சிலருக்கும் பெரும்பாலும் துப்புரவுப் பணியும் சுமைப் பணியுமே கிட்டின. அயல்நாட்டு இனவெறியை எதிர்க்கப் புறப்பட்ட நாடு, தன் இல்லத்து இனவெறியைக் காணாதிருந்தது.

இம்முரண்பாட்டை நாட்டின் மனச்சான்றின்முன் நிறுத்தியவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபைப் போதகர் ஒருவரின் மகனாக 1889இல் பிறந்த இவர், தொழிற்சங்கத்தையே தம் வாழ்நாட் பணியாக ஏற்றார். புல்மன் நிறுவனத்தின் இரயில் படுக்கைப் பெட்டி ஊழியரை 1925 முதல் ஒன்றுதிரட்டி, 1937இல் உடன்படிக்கையும் பெற்றுத் தந்தார்.

1940 செப்டம்பரில் ராண்டால்ஃபும் பிற தலைவர்களும் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டைக் கண்டு முறையிட்டனர். பயன் விளையவில்லை. எனவே 1941 ஜூலை முதல் நாளன்று வாஷிங்டனில் பேரணி நடத்த ராண்டால்ஃப் அழைப்பு விடுத்தார். முதலில் பத்தாயிரம் பேர் என்றவர், பின்னர் ஒரு லட்சம் பேர் என்றார். ஜூன் 18இல் நடந்த சந்திப்பில், பேரணியைக் கைவிடுமாறு ரூசுவெல்ட் வேண்டினார். ஆணை பிறவாமல் பேரணி நில்லாது என ராண்டால்ஃப் உறுதியாக நின்றார். ஒரு வாரத்திற்குள், ஜூன் 25இல், 8802ஆம் எண் ஆணை வெளிவந்தது. பாதுகாப்புத் தொழில்களிலும் அரசுப் பணிகளிலும் இனம், சமயம், நிறம், பிறந்த நாடு பற்றிய பாகுபாட்டை அது விலக்கியது. முறையீடுகளை ஆராயக் குழுவொன்றையும் அமைத்தது. பேரணியும் நிறுத்தப்பட்டது.

ஆணை பிறந்ததனால் நீதி முழுமையடைந்ததா? இல்லை. படைகளில் நிலவிய இனப்பிரிவினையை அது தொடவில்லை. குழுவுக்கோ தண்டிக்கும் அதிகாரம் இல்லை. 1944 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் கறுப்பினத்தவர் எண்மர் டிராம் ஓட்டப் பயிற்சி பெற்றபோது, வெள்ளையர் வேலைநிறுத்தம் செய்து நகரையே முடக்கினர். அரசு படையை அனுப்ப நேர்ந்தது. 1946இல் அக்குழுவும் மறைந்தது. வேலைவாய்ப்பில் பாகுபாட்டை நாடு முழுவதற்குமாகத் தடைசெய்த சட்டம் 1964இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வாஷிங்டனில் நடந்த பெரும் பேரணிக்குத் தலைமை தாங்கியவரும் முதியவரான அதே ராண்டால்ஃபே.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஆள்வோரின் நல்லெண்ணம் மட்டும் நீதியைப் பிறப்பிப்பதில்லை. ஒழுங்குடன் திரண்ட மக்களின் உறுதியே அதனைப் பிறப்பிக்கிறது. பிறந்த ஆணையும் நிறைவேற்றும் வலிமையின்றி நிலைப்பதில்லை. மன்றங்களில் தீர்மானம் நிறைவேற்றியதுடன் நம் கடமை முடிந்ததென ஓய்ந்திருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.