மாட்டு வண்டியும் பேசும் படமும்

"எல்லாம் வீடியோ ஆகிவிட்டது, இனிமேல் யார் சார் புத்தகம் படிக்கப் போகிறார்கள்?" நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. கவலை நியாயமானதுதான், ஆனால் புதியதல்ல. கொஞ்சம் 1931-க்குப் போய்ப் பார்ப்போம்.

அந்த வருடம் அக்டோபர் 31-ஆம் தேதி தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' சென்னையில் வெளியானது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. அதே அக்டோபரில் மன்னார்குடியில், எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால், புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி சுற்று வட்டாரக் கிராமங்களுக்குக் கிளம்பியது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்தின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே வருடம்தான். திரை பேசத் தொடங்கிய வருடத்திலேயே புத்தகமும் வாசகனைத் தேடிப் புறப்பட்டுவிட்டது.

சினிமா வந்து படிப்பு ஒழிந்ததா? 'ஆனந்த விகடன்' நடத்திய வாசன்தான் ஜெமினி ஸ்டூடியோவையும் நடத்தினார். அவருடைய 'சந்திரலேகா' வெளியான 1948-லேயே சென்னைப் பொது நூலகச் சட்டமும் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலித்து, ஊர்களில் நூலகம் வைக்க அது வழி செய்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை எங்கள் வீட்டில் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். எழுத்தறியாத என் பாட்டிக்குப் பின்னாளில் அதை நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். 2022-ல் அதே கதை படமாக வந்தபோது, கடைகளில் அந்த நாவலின் விற்பனை கூடியதையும் பார்த்தோம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. சினிமாக் கொட்டகை மூன்று மணி நேரத்தில் விளக்கைப் போட்டு நம்மை வெளியே அனுப்பிவிடும். 1975-ல் சென்னைக்கு வந்த தொலைக்காட்சியும் அந்த நாளில் இரவானால் ஓய்ந்துவிடும். கைபேசிக்கு அந்த ஓய்வே கிடையாது. ஒன்று முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடுகிறது. சாப்பாட்டுக்குப் பின், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், தூக்கம் வருமுன் என்று நாம் படித்துவந்த நேரங்களைத்தான் அது எடுத்துக்கொள்கிறது.

அதனால் என் கணிப்பு இது: படிப்பு தானாகப் பிழைக்காது. யாராவது கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் பிழைக்கும். அன்றைக்கு ஒரு பிள்ளைவாள் வண்டி கட்டினார், பிறகு ஒரு சட்டம் வந்தது. இப்போது முறை நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டத்தானே செய்கிறோம்? விடுமுறையில் பேரன் பேத்திகளைக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் அவர்கள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். முதல் புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும். படக்கதையாக இருந்தாலும் தடுக்காதீர்கள்.