செவ்வளையமும் அக்குள் நெறியும்: ‘தன்வந்திரி வாக்கு’ கூறும் அம்மைகுத்தல் விளைவுகள்

பெரியம்மையைத் தடுக்கப் பசுவின் மடிக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை, அதாவது அம்மைப்பாலை, குத்தும் முறையைப் பழங்கால இந்தியர் அறிந்திருந்தனர் என்ற கருத்துக்குச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வால்டர் கிங் அளித்த ஆதரவு பெரிது. கிண்டியில் அவர் பெயரால் அமைந்த நிலையத்தை 1905இல் திறந்துவைத்த ஆளுநர் ஆம்ட்ஹில் பிரபு, கிங் தமக்குக் கூறியதாகவே இக்கருத்தை மேடையில் எடுத்துரைத்து, தன்வந்திரி பெயரால் வழங்கும் ஒரு பகுதியைச் சான்றாகக் காட்டினார். அதன்பின் இந்தியப் பெருமை பேசும் நூல்கள் பலவற்றில் அது ஐயமின்றி இடம்பெற்றது.

கிங்கின் கவனம் முழுவதும் அப்பகுதியின் முன்பாதியில், அதாவது பசுமடிக் கொப்புளத்தின் நீரையோ மனிதரின் மேற்கைக் கொப்புளத்தின் நீரையோ கத்திமுனையில் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் இடையே குருதி தோன்றும்வரை கீறிக் கலக்கும் செய்முறையில், நின்றுவிட்டது. அம்மைப்பாலைக் கெடாமல் காப்பதற்குக் கம்பளிக் கொழுப்பான லனோலினைப் பயன்படுத்திப் பார்த்தவரும், கன்றிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் தொழில்நுட்பத்தோடு நாளும் பழகியவருமான ஒருவருக்குப் பசுமடி என்னும் குறிப்பே போதுமானதாகத் தோன்றியது இயல்பே. ஆயினும் ஒரு மருத்துவ உரையின் காலத்தை அது கூறும் செய்முறையைவிட அது எதிர்பார்க்கும் உடல்விளைவுகள் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். கிங் கடந்துசென்ற பின்பாதி அத்தகையது.

1819 ஜனவரி 12ஆம் நாள் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் வெளிவந்த மடலில் இப்பகுதி ‘சாக்தேய கிரந்தம்’ என்னும் நூலின் கூற்றாகத் தரப்பட்டுள்ளது. முற்றிய கொப்புளம் நல்ல நிறத்துடன், தெளிந்த நீர் நிரம்பி, சிவந்த வளையம் சூழ்ந்திருக்க வேண்டும் என்றும், சிலருக்கு ஒன்று முதல் மூன்று நாள்வரை இலேசான காய்ச்சலும் குளிரும் வரலாம் என்றும், அக்குளில் நெறி கட்டும் என்றும், எல்லாம் அச்சமின்றித் தணியும் என்றும் அது கூறுகிறது. மருந்து வேண்டியதில்லை என்பதோடு, உணவு நோயாளியின் விருப்பப்படி இருக்கலாம் என்றும் அது சேர்த்துச் சொல்வது சிறப்பாகக் கருதத்தக்கது.

இந்தியாவில் முன்பே வழங்கிய முறை, பெரியம்மைச் சீழையே உடலில் ஏற்றுவதாகும். அதை வங்காளத்தில் கண்டு 1767இல் விவரித்த ஹால்வெல், மீன், பால், நெய் ஆகியவற்றை ஒரு மாதம் விலக்கும் கடும் பத்தியத்தையும், குளிர்ந்த நீர் ஊற்றுவதையும், உடலில் பரவி எழும் முத்துக்களையும் குறிப்பிடுகிறார். பத்தியமே இல்லாத அம்மைகுத்தல் அம்மரபில் பிறந்திருக்கும் என்பது நம்பத்தக்கதாக இல்லை. மாறாக, குத்திய இடத்தில் மட்டும் எழும் கொப்புளமும் அதைச் சூழ்ந்த செவ்வளையமும், 1798இல் பசுவம்மை குத்தலைப் பற்றிய ஆங்கில மருத்துவர் ஜென்னரின் நூல் வெளிவந்த பின், உண்மையான பசுவம்மையைப் போலியிலிருந்து பிரித்தறிய அம்மைகுத்துவோர் தேடிய அடையாளங்களாகும். அவ்வளையம் நோயின் பகுதியன்று, உடல் அதற்கு ஆற்றும் எதிர்வினை என்பதை வியன்னா மருத்துவர் பிர்கே 1907இல்தான், முந்தைய ஆண்டு தாம் படைத்த ‘அலர்ஜி’ என்னும் சொல்லால் விளக்கினார்.

அக்குள் நெறியை மட்டும் கொண்டு எதையும் நிறுவ இயலாது. மேற்கையில் எதைக் கீறினாலும் அக்கையின் நிணநீர்க் கணு, அதாவது நோயெதிர்ப்பு அணுக்கள் திரளும் முடிச்சு, வீங்கக்கூடும். பெண்களுக்கு மேற்கையில் சீழேற்றும் வழக்கத்தை ஹால்வெல்லும் பதிவுசெய்கிறார். மேலும் அவர் சாட்சியம் வங்காளத்துக்கு உரியது. தென்னாட்டு வழக்கம் வேறாக இருந்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. எனினும் தனித்தனியே ஐயத்துக்குரிய இக்குறிகள் யாவும், காய்ச்சலின் நாள்கணக்கு முதல் பத்தியமின்மை வரை, ஒரே உரையில் ஒரே வரிசையில் சேர்வதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். அவ்வரிசை, குழந்தையின் கை சிவந்து வீங்குவதைக் கண்டு அஞ்சும் தாய்க்கு ‘இது வரும், போகும்’ என்று முன்கூட்டியே சொல்லும் ஆறுதலாக அமைந்திருப்பது, மக்களை இணங்கச்செய்ய முயன்ற அரசு அம்மைகுத்துவோரின் குரலையே நினைவூட்டுகிறது.

சென்னை ஆட்சியரும் திருக்குறள் மொழிபெயர்ப்பாளருமான எல்லிஸ், பசுவம்மைப் பாலைப் பசுவின் புனிதத்தோடு இணைத்துத் தமிழில் ஒரு கதை இயற்றியவர். இத்தகைய பகுதிகளை நன்னோக்கப் புனைவு என்று மதிப்பிட்டு அவரோடு தொடர்புபடுத்தியவர் டொமினிக் வுஜாஸ்டிக் (1987). அம்முடிவு பொதுவாக ஏற்கத்தக்கதே. ஆனால் ‘கல்வி விரும்பன்’ எல்லிஸ்தானா, அல்லது அவர் வட்டத்துப் பண்டிதர் ஒருவரா, கதை முந்தியதா, மடல் முந்தியதா என்பவை தீராத வினாக்கள். எல்லிஸும் அதே 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். உரையின் காலத்துக்கு எல்லைகளை மட்டுமே வகுக்க முடியும்: அம்மைப்பால் பம்பாய் வந்து சென்னையை எட்டிய 1802க்கு முன் அது தோன்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 1819 ஜனவரிக்குப் பின் தோன்றியிருக்க வாய்ப்பே இல்லை.