நெடுநல்வாடையில் மாலை ஒளி

ஞாயிறு தோன்றாத நாளில், மாலை வந்ததை ஒரு நகரம் எவ்வாறு அறிந்தது? நக்கீரர் தம் 188 அடிகளுள் இதற்கு விடை தந்துள்ளார். கூதிர்மழையில் பகலும் இரவும் மயங்க, மனைப்புறாக்கள் இரைதேடச் செல்லாது கால்மாற்றி நிற்கின்றன. மகளிரோ பிச்சியரும்பு அவிழும் மணத்தால் பொழுதுணர்ந்து, இரும்பு விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். கண்ணுக்கு முன்னே மூக்கு மாலையை அறிந்துவிடுகிறது! ஆறுபோல் அகன்ற தெருவில், கள்ளுண்டு களித்தோர் பகல் கழிந்தும் தூறலைப் பொருட்படுத்தாது திரிகின்றனர்.

இப்பாட்டு அகமா புறமா என்னும் வாதத்தில், நச்சினார்க்கினியர் வழிநின்று நாம் வேம்பையே நோக்கினோம்; விளக்குகளைப் போதிய அளவு நோக்கினோமில்லை. எளிய மனையில் இரும்பு விளக்கு. அரண்மனையிலோ யவனர் செய்த பாவை ஏந்திய அகல். நெய் வற்றுந்தோறும் நிரப்பப்பெறும் அவ்வொளி, கடல்வழி வந்த செல்வத்தின் சான்று. அதன் கீழ்த்தான் அரசி உறங்காதிருக்கிறாள்.

மூன்றாவது ஒளி பாசறையில் உள்ளது. வாடை வீசுந்தோறும் சுடர்கள் தெற்கே சாய்கின்றன. அவ்வொளியில், நள்ளிரவிலும் துயிலாத வேந்தன், புண்பட்ட வீரரைக் கண்டவாறு சிலரோடு நடந்து செல்கிறான்.