சிலேட்டர் கிராம ஆய்வுகள்

சென்னை மாகாணக் கல்லூரிகளில் பொருளியல் பயின்ற மாணவர்கள் 1916 முதல் தத்தம் ஊர்களில் நடத்திய கள ஆய்வுகள். சமூக அறிவியலை வகுப்பறைக்கு வெளியே கற்பித்த முயற்சிகளுள் இந்திய அளவில் முன்னோடியானவை.

இவற்றுக்கு வித்திட்ட கில்பர்ட் சிலேட்டர், தொழிலாளர் கல்விக்கென ஏற்பட்ட ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார்வசமான வரலாற்றை 1907இல் நூலாக எழுதினார். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்தபோது, மாணவர் கையில் இருந்தவை சீமைப் பாடநூல்கள். அவற்றில் ஆலை உண்டு, வங்கி உண்டு. ஏரிப்பாசனம் இல்லை. சிலேட்டர் ஒரு வினாநிரலை வகுத்துக் கொடுத்து, அவரவர் ஊரையே ஆராய்ந்து எழுதி வரச் சொன்னார். அக்கட்டுரைகளை அவர் தொகுத்த நூல் 1918இல் வெளிவந்தது.

தமிழ்ப் பகுதியில் இருவேல்பட்டு (தென்னார்க்காடு), தூசி (வடஆர்க்காடு), பாலக்குறிச்சி (தஞ்சாவூர்), வடமலைபுரம் (இராமநாதபுரம்), கங்கைகொண்டான் (திருநெல்வேலி) ஆகியவை ஆராயப்பட்டன. இருவேல்பட்டு பற்றிய கட்டுரை தனித்துக் குறிப்பிடத்தக்கது. அங்கே படியாள் எனப்பட்ட பண்ணையாட்கள் திருமணச் செலவுக்கு மிராசுதாரிடம் கடன் வாங்கினர். கடன் அடையாது, அப்பன் பட்டது மகன் தலையில் இறங்கும். பாடநூலின் ‘கூலி’ என்ற அத்தியாயத்தை மட்டும் படித்தவருக்கு இது புலப்பட்டிருக்காது.

மாணவர் பெற்ற பயிற்சி இதுவே: கேட்கத் தெரிவது, கேட்டதைக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், உழுபவர் வேறொருவராக இருப்பார். வட்டி என்னவென்று நேராகக் கேட்டால் பதில் வராது. களத்தில் எத்தனை மூட்டை அளந்தீர்கள் என்று தொடங்க வேண்டும். அக்காலக் கல்லூரி மாணவர் பெரும்பாலும் மேல்சாதியினர் என்பதால் சேரிப் பக்கச் செய்திகள் மெலிந்தே கிடைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

இவ்வூர்களில் சிலவற்றை 1936–37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் இருவரும் மறுஆய்வு செய்வித்தனர் (நூல் 1940). இருவேல்பட்டுக்கு எஸ். குகன், ஜோன் மென்ச்சர் ஆகியோர் 1980களின் தொடக்கத்திலும், ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இலும் மீண்டும் சென்றனர். ஓர் ஊரின் ஏறத்தாழ நூறாண்டு மாற்றத்தை இவ்வாறு தொடர்ந்து காண முடிவது அரிது. படியாள் முறை மறைந்துவிட்டது. மாணவர் களத்துக்குச் சென்று ஆராய்ந்து எழுதும் வழக்கமோ இன்றைய முதுகலைப் படிப்புகளில் ‘திட்டக் கட்டுரை’யாகத் தொடர்கிறது.