திருகோணமலைக் கடலைக் கணித்த பித்தளைச் சக்கரங்கள்

பழைய கணினிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் 1970-களோடும் 1980-களோடும் நின்றுவிடுகிறார்கள். பச்சை எழுத்துத் திரை, நெகிழ்வட்டு, தடதடவென்று ஒலிக்கும் விசைப்பலகை, இவைதான் அவர்கள் தேடும் பொருள்கள். அவற்றுக்கு நூறு ஆண்டுகள் முன்பே, மின்சாரம் இல்லாமல் பற்சக்கரங்களாலும் கப்பிகளாலும் கணக்குப் போட்ட இயந்திரங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று லண்டனில் இருந்துகொண்டு திருகோணமலைத் துறைமுகத்தில் எந்த நாளில் எந்த நேரத்தில் கடல் ஏறும், எப்போது வற்றும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. இத்துறைமுகத்துக்காக வேலை செய்த முதல் கணினி எது என்று யாராவது கேட்டால், அந்தப் பித்தளை இயந்திரத்தைத்தான் காட்ட வேண்டும்.

இயந்திரம் கணிப்பதற்கு முன் ஒரு மிதவை அளக்க வேண்டியிருந்தது. 1890 முதல் 1896 வரை திருகோணமலையில் இந்திய நில அளவைத் துறையின் தானியங்கி வற்றுப்பெருக்குமானி இயங்கியது. கடலோடு தொடர்புள்ள ஒரு கிணற்றுக்குள் மிதவை. அதிலிருந்து மேலே போகும் கம்பி. கம்பியின் அசைவைச் சுருக்கி ஒரு பென்சிலுக்குக் கடத்தும் சக்கரங்கள். கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாள். கடல் ஏறினால் கோடு ஏறும், வற்றினால் இறங்கும். கிணற்றின் வாய் குறுகியது என்பதால் கரையில் அடிக்கும் சிற்றலைகள் தாளுக்கு வருவதில்லை.

இலங்கை அப்போது தனி முடியாட்சிக் குடியேற்றம், இந்தியாவின் பகுதியல்ல. ஆனாலும் கொழும்பிலும் காலியிலும் 1884 முதல் 1890 வரையும், அதன் பின் திருகோணமலையிலும் அளந்தது இந்திய நில அளவைத் துறைதான். ஏடனிலிருந்து பர்மா வரை துறைமுகம் துறைமுகமாக மானி வைத்து, சில ஆண்டுகள் அளந்து, பிறகு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி, சென்னை எல்லாமே அந்த வரிசையில் வந்தவை. இந்த வேலையைக் கட்டி எழுப்பியவர் ஏ. டபிள்யூ. பெயர்ட் என்ற பொறியியல் படை அதிகாரி. 1870-களில் கட்ச் வளைகுடாவில் தொடங்கிய அவருடைய அனுபவம் 1886-இல் ஒரு கையேடாக வெளிவந்தது.

திருகோணமலையின் வற்றுப்பெருக்கு பெரியதல்ல. அமாவாசை, பௌர்ணமி நாள்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர் வராது. அப்படியானால் ஏன் ஆறு ஆண்டுகள் அளக்க வேண்டும்? வரைபடத்தில் எழுதும் ஒவ்வோர் ஆழமும் ஏதோ ஒரு நீர்மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. அந்த மட்டம் எது என்று தெரியாமல் ஆழத்துக்குப் பொருள் இல்லை. திருகோணமலை அப்போது பிரித்தானியக் கடற்படையின் தளம். உள்துறைமுகத்தின் மேடைகளிலும் கொட்டியாரக்குடாவின் ஆழமில்லாத ஓரங்களிலும் இரண்டு அடி வித்தியாசம் வேலையைக் கெடுக்கப் போதுமானது.

தாளில் கோடு விழுந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மணிக்கும் கோட்டின் உயரத்தை எழுத்தர் ஒருவர் அளந்து எழுத வேண்டும். ஓர் ஆண்டுக்கு 8,760 எண்கள். ஆறு ஆண்டுகளுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். அந்த எண்களை அட்டவணை அட்டவணையாகக் கூட்டி, கழித்து, சராசரி எடுத்து, கடலின் அசைவை அதன் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். சந்திரன் தரும் முதன்மைக் கூறு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். சூரியன் தருவது சரியாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சந்திரனின் நாட்கூறு ஒன்று 25 மணி 49 நிமிடம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் கூறும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையில் கடல்மட்டம் பொதுவாகவே சற்று உயர்வதை அது கணக்கில் கொள்ளும். ஒவ்வொரு கூறுக்கும் எவ்வளவு உயரம், எந்த நேரத்தில் உச்சம் என்ற இரண்டு எண்கள் கிடைத்துவிட்டால் அத்துறைமுகத்தின் குணம் பிடிபட்டுவிடும். இந்த உழைப்பில் பெரும்பகுதி இந்திய எழுத்தர்களுடையது. நில அளவைத் துறையின் கணக்கர்களுள் எவரெஸ்டின் உயரத்தைக் கணித்த ராதாநாத் சிக்தாரை உலகுக்குத் தெரியும். வற்றுப்பெருக்குக் கோடுகளை மணிக்கணக்காக அளந்தவர்களை யாரும் நினைப்பதில்லை.

கூறுகளைப் பிரிப்பது கையால் முடிந்தது. பிரித்த கூறுகளை எல்லாம் திரும்பச் சேர்த்து வரும் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் நேரமும் உயரமும் சொல்வது கையால் முடியாத பாடு. இங்கேதான் இயந்திரம் நுழைகிறது.

வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1872-இல் பிரைட்டனில் நடந்த அறிவியல் கூட்டத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். பல அசைவுகளைக் கூட்டும் கருவி ஒன்று எப்படி அமையலாம் என்பதே அவருடைய யோசனை. உடன் பயணித்த பொறியியலாளர் போஷாம்ப் டவர், பல கப்பிகளின் மேலும் கீழுமாக ஒரே சங்கிலியை ஓடவிட்டால் போதுமே என்றார். வழி திறந்துவிட்டது. பத்துக் கூறுகளைக் கூட்டும் முதல் இயந்திரம் அதைத் தொடர்ந்து லண்டனில் உருவானது. இப்போது அந்நகரின் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தியத் துறைமுகங்களுக்கென்றே இந்திய அலுவலகம் செய்வித்த இயந்திரம் 1879-இல் முடிந்தது. வடிவமைத்தவர் நாவிக வானியல் பஞ்சாங்க அலுவலகத்தின் எட்வர்ட் ரொபர்ட்ஸ். செய்தது லெஜே நிறுவனம். முதலில் 20 கூறுகள், பிறகு 24. இந்த இயந்திரங்களின் பெருமை தமக்கா ரொபர்ட்ஸுக்கா என்பதில் கெல்வினுக்கும் ரொபர்ட்ஸுக்கும் பகிரங்கத் தகராறே நடந்தது. யோசனை கெல்வினுடையது என்றாலும் அதை இயங்க வைத்த கணக்கு ரொபர்ட்ஸுடையது என்பதே நியாயம். சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள வேக விகிதம் முழு எண்ணாக அமையாது. அந்த விகிதத்தை ஏறத்தாழப் பிடிக்க எந்தச் சக்கரத்தில் எத்தனை பற்கள் வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கூறுக்கும் அவர் கணக்குப் போட்டார். ஓர் ஆண்டு முழுவதும் சுழற்றினாலும் பிழை பொருட்படுத்தும் அளவுக்கு வராதபடி அந்தப் பற்கள் அமைந்தன.

அது வேலை செய்யும் விதம் நேரில் பார்த்தால் எளிது. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு சக்கரம். சக்கரத்தோடு ஒரு சுழற்கை, சுழற்கையின் அசைவால் ஏறி இறங்கும் ஒரு கப்பி. கப்பிகள் எல்லாவற்றையும் தழுவிக்கொண்டு ஓடும் ஒரே கம்பி. ஒரு முனை கட்டப்பட்டிருக்கும், மறுமுனையில் பேனா. திருகோணமலைக்குக் கணிக்க வேண்டுமானால், திருகோணமலையின் எண்களுக்கேற்பச் சுழற்கைகளின் நீளத்தையும் தொடக்கக் கோணத்தையும் திருத்திவைத்து, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு கப்பி ஏற, இன்னொன்று இறங்க, எல்லாவற்றின் கூட்டுத்தொகையாகப் பேனா வரும் ஆண்டின் கடலைத் தாளில் வரைந்துகொண்டே போகும். ஒரு துறைமுகத்தின் ஓராண்டை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிக்கலாம் என்றார் கெல்வின். அடுத்து காலி என்றால் எண்களை மாற்றிவைத்தால் போதும். சக்கரங்கள் அதே சக்கரங்கள்தான். பொறி ஒன்று, அதற்குள் இடும் தரவு வேறு என்ற இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது, இதைக் கணினி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இயந்திரம் அறியாதவையும் இருந்தன. சந்திரனும் சூரியனும் சொல்வதை மட்டுமே அது கேட்கும். 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் ஆழிப்பேரலை வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த எட்டு வற்றுப்பெருக்குமானிகளில் பதிவானது. உச்ச உயரம் சுமார் 0.8 மீற்றர். 120 ஆண்டுகளுக்குப் பிறகு, 2003-இல், ஒர்ட்டிஸ், பில்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய கோடுகளை வைத்தே நிலநடுக்கத்தின் வலிமை 7.9 என்று கணித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 26-இல் என்ன நடந்தது என்பதைக் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் யாரும் சொல்லத் தேவையில்லை. நூற்றாண்டுப் பழைய தாள் ஒன்று, எழுதியவரே நினைத்திராத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. பழையதைப் பேணுவதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டாம்.

திருகோணமலைக் குடாவுக்கே உரிய ஓர் அசைவும் உண்டு. சில நாள்களில் குடாவின் நீர், தட்டில் அசைந்த தண்ணீர் போல, காற்றுக்கும் குடாவின் வற்றுப்பெருக்குக்கும் நேரடிச் சம்பந்தமில்லாமல் முன்னும் பின்னும் ஊசலாடும். விஜேரத்ன, வூட்வேர்த், பியூ ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மூலத்தை விரிகுடாவின் மறுகரைப் பக்கம் தேடியது. அங்கே வற்றுப்பெருக்கால் கடலுக்கடியில் பிறக்கும் உள்ளலைகள் நாள்கணக்காகப் பயணித்து இலங்கையின் கிழக்குக் கரையில் வந்து மோதுகின்றன. ஆகவே ஊசலாட்டம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அல்ல, அவை கழிந்து சில நாள்களின் பின்னரே உச்சம் பெறுகிறது. 24 சக்கரங்களும் சேர்ந்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இந்திய அலுவலகத்தின் இயந்திரம் முதலில் லண்டன் லாம்பெத்திலும் பிறகு டெடிங்டன் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலும் இருந்து, 1920-களின் தொடக்கத்தில் டேராடூனுக்கு வந்தது. ரொபர்ட்ஸ் 1906-இல் தமக்காகச் செய்வித்த இன்னொரு பெரிய இயந்திரம் 1929-இல் லிவர்பூல் வற்றுப்பெருக்கு நிறுவனத்துக்குப் போனது. நோர்மண்டித் தரையிறக்கத்துக்கான கணிப்பை அந்நிறுவனத்தின் ஆர்தர் டூட்சன் பிட்ஸ்டன் அவதான நிலையத்தில் செய்தபோது உழைத்தவற்றுள் இதுவும் ஒன்று. குண்டுவீச்சில் இரண்டும் ஒருசேர அழிந்துவிடக் கூடாதென்று அங்கிருந்த இரு இயந்திரங்களையும் வெவ்வேறு இடங்களில் வைத்திருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றியும் எண்களைச் சரிபார்த்தும் வேலை செய்தவர்களில் பெண்கள் பலர்.

1960-களில் மின்னணுக் கணினிகள் வந்து இந்த வேலையைப் பறித்துக்கொண்டன. அமெரிக்காவில் 1910 முதல் 37 கூறுகளோடு ஓடிய, இரண்டாயிரத்து ஐந்நூறு இறாத்தல் எடையுள்ள இயந்திரம் 1965-இல் ஓய்வு பெற்றது. உலகம் முழுவதும் செய்யப்பட்டவை முப்பதுக்குச் சற்று அதிகம்தான். ரொபர்ட்ஸின் 1906 இயந்திரமும் டூட்சன் 1950-இல் முடித்த 42 கூறு இயந்திரமும் பல ஆண்டுகள் களஞ்சியத்தில் கிடந்து, பிறகு சீர்செய்யப்பட்டு, லிவர்பூலில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

பித்தளை இந்த விதத்தில் தயவானது. களிம்பு ஏறினாலும் துடைக்கலாம். தேய்ந்த பல்லைப் புதிதாக வெட்டலாம். பின்வந்த கணினிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1956-இல் திருகோணமலைக்கு வந்து கோணேசர் மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அவரே 1983-இல் கொழும்பிலிருந்து கேப்ரோ என்ற உலோகப் பெட்டிக் கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, அமெரிக்காவில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோடு ஒரு திரைப்படத்தைப் பற்றிக் கடிதம் பரிமாறினார். அக்கடிதங்கள் 1985-இல் நூலாயின. அந்த வகைக் கேப்ரோவை இன்று சேகரிப்பாளர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். நாற்பது வயதான மின்வழங்கியில் மின்தேக்கி வெடித்துப் புகையும். நெகிழ்வட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதமும் உப்புக் காற்றும் உள்ள ஊரில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துப்போகும். திருகோணமலை போன்ற துறைமுகத்தில் 1980-களின் கணினியைக் காப்பது 1880-களின் இயந்திரத்தைக் காப்பதைவிடக் கடினம்.

பிரித்தானியர் 1957 அக்டோபரில் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அதன் பின் போர்க்காலமும் இடப்பெயர்வும் ஊரின் எத்தனையோ தாள்களைத் தின்றுவிட்டன. இப்போது திருகோணமலையில் மின்னணு வற்றுப்பெருக்குமானி இருக்கிறது. அதன் எண்கள் வெளியுலகுக்கும் போகின்றன. கடல்மட்டம் உயர்வதைக் கணக்கிடுவோருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய எண்ணும் வேண்டும். 1890-களின் அந்த ஆறு ஆண்டுகள் அதைத் தருகின்றன.

டொக்யாட் பகுதியில் கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஒஸ்தன்பேர்க் மேட்டில் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் இருக்கிறது. பீரங்கிகளும் கப்பல் உறுப்புகளும் அங்கே கிடைக்கும். வற்றுப்பெருக்கைக் கணித்த இயந்திரத்தின் இயங்கும் மாதிரி ஒன்றுக்கும் அங்கே இடம் வேண்டும். செலவு பெரிதல்ல. ஐந்து முதன்மைக் கூறுகளுக்கு ஐந்து மரச் சக்கரங்கள், கப்பிகள், ஒரு நூல், ஒரு பேனா போதும். திருகோணமலையின் எண்கள் கைவசம் உண்டு. மாவட்டத்தின் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களும் தச்சர்களும் சேர்ந்தால் முடிந்துவிடும் வேலை. அதுவரை, துறைமுகத்திலும் கச்சேரியிலும் மீன்பிடிச் சங்கங்களிலும் பழைய பதிவேடோ, தந்திக் கருவியோ, ரெலிபிரிண்டரோ, முதன்முதல் வாங்கிய கணினியோ வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடும் முன் அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.