‘பின்’ என்பதும் ‘ஆல்’ என்பதும்: முதுகுத்தண்டு அறுவைக்குப் பிந்தைய நீடித்த வலியைப் பெயரிடலும் வகைப்படுத்தலும்

முதுகுத்தண்டில் அறுவை செய்துகொண்ட ஒருவருக்குப் புண் ஆறி மூன்று மாதங்களுக்கு மேலாகியும் முதுகிலோ காலிலோ வலி நீடிக்குமாயின், அந்நிலைக்கு மருத்துவ உலகம் பல்லாண்டுகளாக வழங்கிவந்த பெயர் ‘ஃபெயில்ட் பேக் சர்ஜரி சிண்ட்ரோம்’ என்பதாகும். பிற நோய்ப்பெயர்கள் உறுப்பையோ காரணத்தையோ சுட்ட, இப்பெயரோ ஒரு தீர்ப்பை நோயாக்கிக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபெயில்ட்’ என்னும் அடை முதுகைத் தழுவுகிறதா, அறுவையைத் தழுவுகிறதா என்பது தெளிவுபடாமலே நின்றுவிட, தமிழில் பெயர்க்க முனைபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. ‘தோற்ற முதுகு’ என்றால் பழி நோயாளியின் உடல்மேல் விழுகிறது, ‘தோற்ற அறுவை’ என்றால் அறுத்தவரின் கைமேல் விழுகிறது. அறுவைக்குப் ‘பின்’ உள்ள வலி என்பது காலத்தைக் குறிப்பது. அறுவையி‘னால்’ வந்த வலி என்பது காரணத்தைக் குறிப்பது. தமிழ் இலக்கணம் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கும் இவ்விரண்டையும் ஒரே பெயருக்குள் பிணைத்ததே இத்துறையின் வகைப்பாட்டுக் குழப்பத்துக்கு வேர் என்பதும், பெயர் காலத்தை மட்டும் சுமக்க, காரணம் தனியே பதியப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டு, அதாவது மக்கள் வழக்கில் ‘டிஸ்க்’ அல்லது ‘ஜவ்வு’, பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் கால்வலி உண்டாகலாம் என்பதையும், அதை அறுவையால் நீக்கலாம் என்பதையும் 1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் வெளியிட்ட கட்டுரை நிலைநாட்டியது. அவ்வறுவை பெருகியபோது, அதற்குப் பின்னும் வலி தீராதோர் கூட்டமும் பெருகியது. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு இவர்களை ‘லேமினெக்டமிக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு’ என்று பெயரிட்டு எம்96.1 என்னும் குறியீட்டில் அடைத்தது. லேமினெக்டமி என்பது முதுகுத்தண்டுக் கால்வாயின் பின்புறக் கூரையாக அமைந்த எலும்புத் தகட்டை அகற்றும் அறுவை. தகடு அகற்றப்படாமல் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவரும் இக்குறியீட்டுக்குள்ளேயே வந்து சேர்வது இப்பெயரின் முதற்குறை.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வரையறையோ வேறொரு முரணைக் கொண்டது. அறுவைக்குப் பின்னும் நீடிக்கும், அல்லது முன்பிருந்த அதே பகுதியில் அறுவைக்குப் பின் தோன்றும், மூலம் அறியப்படாத வலியே இந்நிலை என்று அது கூறியது. ஆனால் நடைமுறையில் மூலம் பலமுறை அறியப்படுகிறது: நரம்பு வெளிவரும் துளை இன்னும் குறுகியே இருக்கலாம், வட்டு மீண்டும் பிதுங்கலாம், நரம்பு வேரைச் சுற்றி வடுத்திசு படரலாம், பொருத்திய எலும்புகள் ஒட்டாமல் போகலாம், பொருத்தப்பட்ட பகுதிக்கு அடுத்த மூட்டு கூடுதல் சுமையால் தேயலாம். காரணம் கண்டறியப்பட்டவுடன் அந்நோயாளி வரையறையிலிருந்து வெளியேற வேண்டும். எனினும் பெயர் அவரைவிட்டு நீங்குவதில்லை.

இன்னும் ஆழமான சிக்கல், அறுவை குறையின்றி நடந்தும் வலி தொடர்வோரிடம் உள்ளது. வலியே இல்லாதவர்களின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைத் தொகுத்தாராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, வட்டுத் தேய்வு இருபது வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் காணப்படுவதாக மதிப்பிட்டது. படத்தில் தெரியும் தேய்வுதான் வலிக்கு மூலம் என்று கொண்டு அத்தேய்வைச் சீராக்கினால், சீரானது படமேயன்றி வலியன்று. அங்கே பிழையானது அறுவைக்கு முன்னரே எடுக்கப்பட்ட முடிவு. பெயரோ அறுவையைக் குற்றம் சாட்டுகிறது. தண்டுவட மின்தூண்டலை, அதாவது தண்டுவடத்தின் அருகே மின்முனைகளைப் பதித்து வலியைத் தணிக்கும் முறையை, வழக்கமான மருத்துவத்தோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ‘ப்ராசெஸ்’ ஆய்வு இம்முரணுக்கு நல்ல சான்றாகும். அதில் பங்கேற்ற 100 பேரும் இதே ‘தோல்வி’ப் பெயரைத் தாங்கியவர்கள், ஆனால் உடற்கூற்றளவில் வெற்றியாக முடிந்த வட்டறுவைக்குப் பிறகும் நரம்புசார் கால்வலி நீடித்தவர்களையே அவ்வாய்வு தேர்ந்தெடுத்தது. வெற்றி எனச் சான்றளிக்கப்பட்ட அறுவையைத் தோல்வி என்றே அழைக்கும் ஒரு பெயர், அறிவியல் கலைச்சொல்லாக நிற்கும் தகுதியை இழந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

2022இல் நடைமுறைக்கு வந்த, நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, நீடித்த வலிக்கு முதன்முறையாகத் தனி இடம் அளித்து, அறுவைக்குப் பிந்தைய நீடித்த வலி என்னும் பிரிவையும் வகுத்தது. இப்பிரிவில் சேர, வலி அறுவைக்குப் பின் தோன்றியிருக்க வேண்டும் அல்லது மிகுந்திருக்க வேண்டும். முன்பே இருந்த நோயின் தொடர்ச்சி உள்ளிட்ட பிற காரணங்கள் விலக்கப்பட்டிருக்கவும் வேண்டும். பெயரில் ‘பின்’ இருப்பினும் நிபந்தனைகளில் ‘ஆல்’ ஒளிந்திருக்கிறது. குடலிறக்கம் போன்றவற்றுக்கான அறுவையில் இந்நிபந்தனை பெரும்பாலும் இடர் தராது. முதுகிலோ, பெரும்பாலும் வலிக்காகவே அறுவை செய்யப்படுவதால், முன்னிருந்த வலி அப்படியே தொடர்பவர்கள் இப்பிரிவின் வாயிலிலேயே தடுக்கப்பட்டு, வேறு வேறு பிரிவுகளுக்குச் சிதறிப் போகிறார்கள்.

இவ்விடைவெளியை நிரப்பவே 2021இல் பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்று ‘நீடித்த முதுகுத்தண்டு வலித் தொகுப்பு’ என்னும் பெயரை முன்மொழிந்தது. அறுவை செய்துகொள்ளாதவர் முதல் வகை. செய்துகொண்டும் வலி நீடிப்பவர் இரண்டாம் வகை. வலி அறுவையினால் வந்ததா, அறுவையை மீறி நின்றதா என்ற வினாவுக்குப் பெயர் விடை சொல்ல வேண்டியதில்லை என்பதே இதன் தலையாய நன்மை. அதே வலியோடு நேற்றுவரை முதல் வகையில் இருந்தவர், அறுவை முடிந்து வலி நீடித்தால் இரண்டாம் வகைக்கு மாறுகிறாரே, இது நோயின் வகையா, நோயாளியின் வரலாற்றின் வகையா என்று மறுப்போர் கேட்கக்கூடும். வரலாற்றின் வகைதான், ஆயினும் அவ்வரலாறு உடலில் எழுதப்பட்டது. வடுத்திசு, பதிக்கப்பட்ட திருகுகள், மாறிய எடைப்பங்கீடு ஆகியவை மறு அறுவையின் இடரையும் படங்களைப் படிக்கும் முறையையும் மாற்றிவிடுகின்றன.

வலுவான மறுப்பு வேறிடத்தில் உள்ளது. முதல் வகை வரம்பின்றி விரிந்து, பயன்தராத பெரும் பையாகிவிடும் இடர் உண்டு. இரண்டாம் வகையும் வலியின் இயல்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே வகை எண்ணோடு வலியின் இயங்குமுறையும் பதியப்பட வேண்டும்: எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றின் சேதத்திலிருந்து எழும் திசுசார் வலியா, நரம்பே பழுதுற்றதால் எழும் நரம்புசார் வலியா, இரண்டுக்கும் தெளிவான சான்றில்லாமல் வலியை உணர்ந்து கையாளும் அமைப்பே மாறியதால் எழும், 2017இல் பன்னாட்டுச் சங்கம் ஏற்ற, ‘நோசிபிளாஸ்டிக்’ வலியா என்பது அது. பலரிடம் இவை கலந்தே இருக்கும். ப்ராசெஸ் ஆய்வில் ஆறு மாத முடிவில் கால்வலி பாதியளவேனும் குறைந்தவர்கள் மின்தூண்டல் பெற்றோரில் 48 விழுக்காடு, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 9 விழுக்காடு. இவ்வேறுபாடு நரம்புசார் கால்வலி மேலோங்கியவர்களிடம் கண்டது என்பதால், முதுகின் திசுசார் வலியே மேலோங்கிய, ஆனால் அதே பெயரைத் தாங்கிய, ஒருவருக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

தமிழில் கலைச்சொல் ஆக்குவோருக்கு இங்கே ஒரு வசதி வாய்த்திருக்கிறது. ‘முதுகுத்தண்டு அறுவைக்குப் பிந்தைய நீடித்த வலி’ என்ற தொடர் எவரையும் குற்றஞ்சாட்டாமல் காலத்தை மட்டும் உரைக்கிறது; காரணம் தெளிவாக நிறுவப்பட்ட இடத்தில், ‘வடுத்திசுவால் எழுந்த’ என்றோ ‘வட்டு மீண்டும் பிதுங்கியதால் எழுந்த’ என்றோ மூன்றாம் வேற்றுமை உருபை அதன் முன்னே சேர்த்துக்கொள்ளலாம். நிறுவப்படாத இடத்தில் அவ்வுருபு வராமலிருப்பதே, தேடல் இன்னும் முடியவில்லை என்பதை அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு அறிவித்துவிடும்.